சீலா வந்த வழி

தூத்துக்குடி மீன்பிடித் துறையை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கிய ஆண்டில், அங்கே திரிந்த நாய்களை எல்லாம் பிடித்துத் தெற்கே செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு பெரிய காப்பகத்தில் விட்டார்கள். நல்ல காப்பகம்தான். நிழல் இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, வேளாவேளைக்குச் சாப்பாடும் வந்தது. ஆனால் முதல் மாதமே பாதி நாய்கள் வேலிக்கு அடியில் செம்மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளியேறித் துறைக்குத் திரும்பிவிட்டன. மீதி நாய்கள் அங்கேயே தங்கிவிட்டன என்று நினைக்க வேண்டாம். அவையும் கிளம்பின. திருச்செந்தூர் சாலையில் லாரிகளில் அடிபட்டுக் கிடந்தன.

அந்த உடல்களை அறுத்துப் பார்க்கும் வேலை கால்நடை ஆய்வு மையத்தில் இருந்த டாக்டர் ஜெபசீலிக்கு வந்தது. எல்லா நாய்களும் ஊர்ப்பக்கம் முகம் வைத்தபடியே கிடந்ததாக வேன் டிரைவர் மாசானம் சொன்னபோது, அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஊரு எங்க இருக்குன்னு எப்படிம்மா தெரியும்? மோப்பமா?" என்று அவள் மகள் பெனிட்டா சாப்பாட்டு மேசையில் கேட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"மோப்பம் பக்கத்துக்குத்தான் உதவும். இவ்வளவு தூரம்னா வேற ஒண்ணு வேணும். பூமியே ஒரு பெரிய காந்தம்லா? அது நாய்க்குத் தெரியுது. அவுத்து விட்டதும் நேரா ஓடாது, பாத்திருக்கியா? முதல்ல வடக்குத் தெக்கா கொஞ்ச தூரம் ஓடிப் பாக்கும். நாம மேப்பைத் திருப்பித் திருப்பிப் பாக்கோம்லா, அந்த மாதிரி. பெறவு கோடு போட்டாப்ல கிளம்பிரும்."

"அந்தக் கோட்டுல லாரி வந்தா?" என்றான் கிளாட்வின், அவள் கணவன். துறைமுகத்தில் முக்குளிப்பவன். கப்பலின் அடிவயிற்றைப் பழுது பார்ப்பதும், கடலடியில் குழாய் பதிப்பதும் அவன் தொழில்.

"அதான் பிரச்சினையே. இழுக்கும்போது அதுக்கு வேற எதுவும் கண்ணுல படாது."

நாயின் மூளைக்குள், ஒரு கடலைப்பருப்பு அளவுகூட இல்லாத இடத்தில், அந்த இழுப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஜெபசீலிக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதைத் தளர்த்தும் மருந்தைச் செய்ய இன்னும் ஓராண்டு. புகல் என்று அதற்குப் பெயர் வைத்தாள். ஊசி போட்ட பிறகு மூன்று நாட்கள் நாய் எங்கே இருக்கிறதோ, அதுவே அதற்கு வீடு. பழைய இடம் நினைவில் இருக்கும், இழுக்காது. ஊரில் எல்லாரும் அதை மறதி ஊசி என்றார்கள். ஜெபசீலிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கோபம் வரும்.

"எதையும் மறக்காது. திசை மட்டும்தான் போவுது. நூறு தடவை சொல்லியாச்சு" என்பாள்.

முதல் ஊசி சீலாவுக்கு. பழுப்பு நிறத்தில், ஒரு காது கிழிந்த பெட்டை. சீலா மீன் மாதிரி ஒல்லியாக நீண்டு கிடக்கும் என்று துறையில் மீன் வெட்டுகிற மிக்கேலம்மாள் வைத்த பெயர். காப்பகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் தப்பி வந்து, மிக்கேலம்மாளின் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்ட நாய் அது. கடைசி முறை பின்னங்காலில் சக்கரம் ஏறி, இழுத்துக்கொண்டே வந்திருந்தது.

"கொண்டுபோங்க டாக்டரம்மா" என்றாள் மிக்கேலம்மாள். "இங்க வரணும்னு வந்து ரோட்டுல சாவுறதுக்கு, அங்ஙனயே உசுரோட கெடக்கட்டும்." சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து மீனைச் செதிலெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கால் ஆறியதும் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் வேலிக் கதவைத் திறந்து வைத்தார்கள். சீலா வெளியே வந்தது, மூத்திரம் பெய்தது, கொட்டாவி விட்டது, திரும்ப உள்ளே போய் நிழலில் படுத்துக்கொண்டது. வடக்கும் தெற்குமாக ஓடிப் பார்க்கவே இல்லை. ஜெபசீலி அழுதுவிட்டாள். அதன் பிறகு அந்தச் சாலையில் காப்பகத்து நாய் எதுவும் அடிபடவில்லை.

நாய்களோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்தியப் பெருங்கடலின் நடுவில், எந்தக் கரையும் தெரியாத தொலைவில், ஆழிவளம் என்ற கம்பெனி ஒரு மிதக்கும் நிலையம் கட்டியிருந்தது. கடல்தரையிலிருந்து உலோகக் கட்டிகளை அள்ளும் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கப்பல். போன ஆட்கள் தாங்கவில்லை. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, வேலையில் கை நடுங்கும். ஒருவன் பட்டப்பகலில் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கடலில் குதித்து ஊர் இருக்கும் திசையில் நீந்த ஆரம்பித்துவிட்டான். படகில் போய்த் தூக்கிவந்தபோது, "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றானாம்.

கம்பெனியின் மருத்துவ அதிகாரி டாக்டர் இளம்பரிதி சென்னையிலிருந்து வந்து ஜெபசீலியின் எதிரில் உட்கார்ந்தார். மென்மையாகப் பேசுகிறவர்.

"மனுஷங்களுக்கும் அந்த இடம் மூளையில இருக்குன்னு உங்க கட்டுரையிலயே எழுதியிருக்கீங்க, மேடம்."

"இருக்கு. நாய்க்கு இருக்கிற அளவுக்கு இல்ல. தேய்ஞ்சு போயிருக்கு."

"தேய்ஞ்சு போனதே இந்தப் பாடு படுத்துது. அவங்க கஷ்டத்தைக் குறைக்க முடியும்னா, குறைக்காம இருக்கிறது நியாயமா?"

நாய்களுக்காக ஜெபசீலி தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. அரசு மேலிடம் அனுமதி கொடுத்தது. விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், மருந்தின் அளவை அவளே தீர்மானிக்க வேண்டும், அவள் கையெழுத்து இல்லாமல் அளவை மாற்றக் கூடாது என்று நிபந்தனைகளும் போட்டது.

விருப்பப்பட்டவர்களில் கிளாட்வினும் ஒருவன். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"அவ்வளவு ஆழத்துல இதுவரைக்கும் ஒரு மனுஷனும் வேலை செஞ்சதில்ல, ஜெபா" என்றான். "நான் முக்குளிக்கிறவன். இதுக்குப் போகலேன்னா வேற எதுக்குப் போக?"

"போங்க. ஊசி எதுக்கு?"

"ஒங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு அங்க ரெண்டு வருஷம் கெடக்கணும். குதிச்சவன் பேரு என்ன தெரியுமா? ஸ்டார்வின். எங்கூட வேலை பாத்தவன். எனக்கு அந்தப் பயம் இருக்கு."

"திசை மட்டும்தான் போவும்" என்றாள் அவள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "எங்களை மறக்க மாட்டீங்க."

"நீ செஞ்ச மருந்துதானே? எனக்கு நம்பிக்கை இருக்கு."

அவனுக்குரிய அளவையும் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்ட பிறகு கிளாட்வின் வாரம் ஒருமுறை பேசினான். திரையில் நன்றாக இருந்தான். முகம் தெளிந்திருந்தது, சதை போட்டிருந்தது. கடலுக்கு அடியில் பார்த்த கண்ணாடி போன்ற மீன்களைப் பற்றிச் சொன்னான். பெனிட்டாவின் பரீட்சை, ஜெபசீலியின் முதுகுவலி, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக் கேட்டான். ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் பேசி முடித்த பிறகு ஜெபசீலிக்கு நல்ல பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நலம் விசாரித்துவிட்டுப் போனது போல இருந்தது.

அதைப் பெனிட்டாதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள்.

"அம்மா, அப்பா இன்னைக்கு 'ஒங்க வீட்டு மாடியில மழத்தண்ணி நிக்கா'ன்னு கேட்டாங்க."

"சரி, அதுக்கென்ன?"

"நம்ம வீடுன்னு சொல்லல."

முதல் விடுமுறை வந்தபோது கிளாட்வின் வரவில்லை. வேலை பாதியில் நிற்கிறது, இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்றான். அடுத்த கப்பலிலும் வரவில்லை. இழுப்பைத் திரும்ப எழுப்பும் மாற்று மருந்தை இங்கே வைத்துப் போட்டு மூன்று நாள் தங்கினால் பழைய இழுப்பு திரும்பிவிடும் என்று ஜெபசீலி சொல்லிப் பார்த்தாள். அவன் கோபப்படவில்லை. "எதுக்கு ஜெபா? நல்லாத்தானே இருக்கேன்" என்றான். உண்மையாகவே புரியாமல் கேட்டான். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெனிட்டா அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். திரையில் அவன் வரும்போது மாடிக்குப் போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் மாசானம் ஒரு காலைப் பொழுதில் ஆய்வு மையத்துக்குள் ஓடிவந்தான்.

"டாக்டரம்மா, சீலாவைக் காணும். நாலஞ்சு நாளாச்சாம். காப்பகத்துப் பயலுவ தேடிப் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டானுவ."

ஜெபசீலி கம்ப்யூட்டரைத் திறந்தாள். காப்பகத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் கழுத்துப்பட்டை உண்டு. இருக்கிற இடத்தையும் மூளையின் அசைவையும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். நாயின் உடல்நலத்துக்காக வைத்தது. ஒழுங்காகத் தங்கிவிட்ட நாய்களின் பதிவுகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சீலாவின் புள்ளி தூத்துக்குடி மீன்பிடித் துறையில் நின்றது.

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். மருந்து தோற்றுவிட்டது. நாய்க்குத் தோற்றால், ஊசி போட்டுக்கொண்ட மனிதர்களுக்கும் திடீரென்று, கடலின் நடுவில், மொத்தமாக இழுப்பு திரும்பும். எத்தனை பேர் குதிப்பார்கள்?

துறைக்குப் போனபோது சீலா மிக்கேலம்மாளின் மடியில் தலை வைத்துக் கிடந்தது. மிக்கேலம்மாள் மீன் வெட்டுவதை விட்டுவிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க ஊசி பலிக்கல போலுக்கே, டாக்டரம்மா" என்றாள், சந்தோஷத்தை மறைக்காமல்.

ஜெபசீலி அங்கேயே தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த திரையில் மூளையின் கோடுகளைப் பார்த்தாள். அந்தக் கடலைப்பருப்பு அளவு இடம் அமைதியாக இருந்தது. இந்த நாட்கள் முழுவதும் அது ஒருமுறைகூட விழிக்கவில்லை. இழுப்பு திரும்பவே இல்லை. மருந்து தோற்கவில்லை.

அப்படியானால் இது எப்படி வந்தது?

வந்த வழியைத் திரையில் விரித்தாள். பழைய பயணங்கள் எல்லாம் அடிக்கோல் வைத்துப் போட்டது மாதிரி நேர்க்கோடாக இருந்தன. இது அப்படி இல்லை. காப்பக வாசலிலிருந்து பெரிய சாலை வரை ஓடியிருக்கிறது. அங்கே நின்றிருக்கிறது, அரை நாள். பிறகு திருச்செந்தூர்ப் பக்கம், அதாவது நேர் எதிர்த்திசையில், கொஞ்ச தூரம் போயிருக்கிறது. நின்றிருக்கிறது. திரும்பி வந்து அதே முச்சந்தியில் மறுபடி உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்க அங்கேயே. அதற்குப் பிறகு கோடு சாலையை ஒட்டி, வண்டி வேகத்தில், வடக்கே போகிறது.

"மாசானம், நீ காப்பகத்துக்கு என்ன கொண்டுபோற?"

"மீன் தலையும் குடலும். இங்க துறையில மூட்டை கட்டிக் குடுப்பாவ. வாரத்துல ரெண்டு நடை."

"மூட்டை கட்டுறது யாரு?"

மிக்கேலம்மாள் தலையைத் தூக்கினாள். "நாந்தான். போன வாரத்துல இருந்து. ஏன்?"

ஜெபசீலி திரையில் அந்த முச்சந்தியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒங்க கை வாசம் மூட்டையில இருந்திருக்கு. ஒன்றரை வருஷமா இல்லாத வாசம். அது வண்டி பின்னால ஓடியிருக்கு. ரோட்டுல வண்டியை விட்டுருச்சு. எந்தப் பக்கம் போகணும்னு அதுக்குத் தெரியல. ஊரு எந்தத் திசைன்னே தெரியாத நாய் அது இப்ப. தப்பான பக்கம் போயிப் பாத்திருக்கு. அங்க வாசம் இல்ல. திரும்பி வந்து, அந்த வண்டி மறுபடி இந்த வழியாத்தானே வரணும்னு உக்காந்திருக்கு."

"என் வண்டியிலயா ஏறி வந்துச்சு?" மாசானம் வாயைப் பிளந்தான். "முச்சந்தியில டீ குடிக்க நிப்பாட்டுவேன். தார்ப்பாய்க்கு அடியில பூந்திருக்கும், களவாணி."

"இழுத்து வரல" என்றாள் ஜெபசீலி. "யோசிச்சு வந்திருக்கு."

சீலா இரண்டு நாள் துறையில் இருந்தது. மூன்றாம் நாள் காலை மாசானம் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, தானாகவே வண்டியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறியது.

"ஏ சீலா, போறியா?" என்று மிக்கேலம்மாள் கேட்டாள். கண்ணில் நீர் இருந்தாலும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "போ. ஒன் வீடு அங்கதான இருக்கு. என்னையப் பாக்க வந்திருக்கு பாத்தீயளா, டாக்டரம்மா. விருந்தாளியா வந்துட்டுப் போவுது."

செய்தி டாக்டர் இளம்பரிதிக்கும் எட்டியது. அவர் அடுத்த நாளே வந்தார். முதலில் நிம்மதியடைந்தார். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு மூளைக்கோடே சாட்சி. பிறகு அவருக்கு ஒரு கவலை வந்தது.

"ஆனா நாய் போயிடுச்சே, மேடம். நாளைக்கு எங்க ஆளுங்களும் இப்படி யோசிக்க ஆரம்பிச்சா?"

"யோசிக்கட்டுமே."

"ஒரு ஆளைத் தயார் பண்ண எவ்வளவு காலம் ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியும். அளவைக் கூட்டினா, இழுப்புக்குப் பக்கத்துல இருக்கிற இடமும் கொஞ்சம் தளரும் இல்லையா? ஆளுங்க மேல இருக்கிற பிடிப்பு. அதுவும் ஒரு கஷ்டம்தானே அவங்களுக்கு?"

"கூட்டலாம்" என்றாள் ஜெபசீலி. "சீலாவுக்குக் கூட்டினா, அந்த மூட்டை வெறும் மீன் வாசமாத்தான் தெரியும். தின்னுட்டுப் படுத்துக்கும். நல்லாத்தான் இருக்கும். ஆனா டாக்டர், நான் நாய்க்கு ஊசி போட்டது அது ரோட்டுல சாகக் கூடாதுன்னு. அதுக்கு யாரும் வேண்டாம்னு ஆக்கறதுக்கு இல்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்க வீட்டுக்காரரும் அங்க இருக்கறதால சொல்றீங்களா?"

"அதனாலயும்தான்" என்றாள். "வீட்டுல ஒருத்தரும் அங்க இல்லேன்னாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்னு நினைக்கேன். நிச்சயமாத் தெரியல."

இளம்பரிதி எழுந்தார். ஆட்கள் எல்லாரும் சம்மதித்தால் வேறு வல்லுநரின் ஒப்புதலோடு மேலிடத்தில் கேட்க வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி உண்மையிலேயே இருந்தது.

அந்த வாரம் கிளாட்வின் வழக்கமான நாளுக்கு முன்பே அழைத்தான்.

"ஜெபா, இங்க ரெண்டாவது ஊசின்னு ஒண்ணு சொல்லுதாவ. போட்டா இன்னும் லேசா இருக்குமாம். பயலுவ எல்லாம் எங்கிட்ட வந்து, ஒங்க வீட்டம்மா செஞ்ச மருந்துதானே, கேட்டுச் சொல்லுங்கங்காவ. போடலாமா?"

திரையில் அவன் முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை. ஒரு வல்லுநரிடம் ஆலோசனை கேட்கும் முகம். வேண்டாம், நீங்கள் எனக்கு வேண்டும் என்று கத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆனால் அது அவனை எட்டாது, அல்லது எட்டினாலும் நடுங்குகிற ஒரு பெண்ணுக்கு இரங்குவது போலத்தான் எட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்த ஊசி என்ன செய்யும்னு சொல்லுதேன். முடிவை நீங்க எடுங்க" என்றாள். சொன்னாள். பிறகு, "சீலான்னு ஒரு நாயைப் பத்திச் சொல்லியிருக்கேன்லா?" என்று தொடங்கி, முச்சந்தி வரை ஓடியது, தப்பான பக்கம் போனது, திரும்பி வந்து உட்கார்ந்தது, தார்ப்பாய்க்கு அடியில் புகுந்தது, மூன்றாம் நாள் தானாக வண்டியேறித் திரும்பியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தன்னைப் பற்றியோ பெனிட்டாவைப் பற்றியோ ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

கிளாட்வின் திரைக்கு இன்னும் கிட்டே வந்தான்.

"ஒரு நாள் பூரா உக்காந்திருந்துச்சா?"

"ஆமா."

"வண்டி வரும்னு அதுக்கு எப்படித் தெரியும்? வராமப் போயிருந்தா?"

"தெரியாது. வரலாம்னு நெனச்சிருக்கும்."

அவன் தாடையைத் தேய்த்துக்கொண்டான். "எனக்கு அந்த நாயைப் பாக்கணும்" என்றான்.

நிலையத்தில் ஒருவர்கூட இரண்டாம் ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. கிளாட்வின் அவர்களிடம் என்ன சொன்னான் என்று ஜெபசீலிக்குத் தெரியவில்லை. அடுத்த கப்பலில் அவன் பெயரும் இருக்கிறது என்று மட்டும் தகவல் வந்தது.

அவன் வந்த காலையில் அழைப்புமணி அடித்தது. ஜெபசீலி கதவைத் திறந்தாள். கம்பெனி வண்டி இறக்கிவிட்டுப் போயிருந்தது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளாட்வின் வாசலில் நின்றான்.

"சாவி இல்லையா?"

"இருக்கு. இருந்தாலும் அடிக்கணும்னு தோணுச்சு."

உள்ளே வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான். எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தன. அவன் மட்டும் அங்கே புதிதாக இருந்தான். பெனிட்டா அறையிலிருந்து வந்து அவன் எதிரில் ஒரு தட்டில் அதிரசத்தை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். வந்த விருந்தாளிக்கு வைப்பது போல வைத்தாள். அவன் அதைப் புரிந்துகொண்டான் என்பது அவன் எடுத்துச் சாப்பிட்ட விதத்தில் தெரிந்தது.

மதியம் மூவரும் காரில் தேரிக்காட்டுக்குப் போனார்கள். பெனிட்டா பின்சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சீலா தண்ணீர்த் தொட்டி அருகே இன்னொரு நாயோடு விளையாடிக்கொண்டிருந்தது. இவர்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. கிளாட்வினின் கையை மோந்தது. பெரிய விஷயமாக எதுவும் இல்லை என்று விளையாட்டுக்குத் திரும்பிவிட்டது. அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தான்.

"சாதாரண நாயாத்தான் இருக்கு" என்றான்.

"சாதாரண நாய்தான்."

"ஜெபா, ஒன்கிட்ட பொய் சொல்லக் கூடாது. கப்பல்ல வரும்போது எனக்கு ஒண்ணும் தோணல. கரை தெரியுதுன்னு கப்பல்காரனுவ எல்லாம் மேல ஓடுனானுவ. நான் கீழ உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன். நெஞ்சுக்குள்ள ஒரு அசைவும் இல்ல." அவன் செம்மண்ணைக் காலால் தள்ளினான். "ஆனா நீயும் பெனியும் இந்நேரம் என்ன செஞ்சிட்டு இருப்பீங்கன்னு யோசிச்சேன். அவ எவ்வளவு வளந்திருப்பா, கோவமா இருப்பாளான்னு. யோசிக்க யோசிக்கப் பாக்கணும்னு இருந்துச்சு. ஒண்ணும் இழுக்கல. நானாத்தான் வந்தேன்."

ஜெபசீலி வேலிக்கம்பியில் விரலைக் கோத்துக்கொண்டாள். "வீட்டுல பிரிட்ஜில அந்த மாற்று மருந்து இருக்கு. அனுமதி வாங்கி வச்சிருக்கேன். மூணு நாள் இங்க தங்கினா எல்லாம் பழையபடி ஆயிரும்."

அவன் மறுபடி சீலாவைப் பார்த்தான். "போட்டுக்கிடலாம். ஆனா இப்ப வேண்டாமே" என்றான். "அதைப் போட்டுட்டு வந்தா, மருந்து இழுத்துச்சு, வந்தேன்னு ஆயிரும். பெனிக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும். ஒரு ரெண்டு மூணு தடவை இப்படியே வாரேன். பெறவு அவ சொல்லட்டும், போடலாமா வேண்டாமான்னு."

அவள் மனம் ஒரு நொடி சுருங்கியது. அவன் பழையபடி ஓடி வருவதைப் பார்க்கத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் இத்தனை மாதங்களில் முதல் முறையாக அவன் குரலில் ஏதோ ஒன்று தயங்கியது. அந்தத் தயக்கம் மருந்திலிருந்து வந்ததல்ல, அவனுடையது.

"சரி" என்றாள்.

திரும்பும்போது தானே ஓட்டுவதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டான். சாலைப் பலகைகளைப் படித்தபடி, பாலங்களை வாய்க்குள் எண்ணியபடி ஓட்டினான். அவர்கள் பகுதிக்குள் நுழைந்ததும் வண்டியின் வேகம் குறைந்தது. எந்தப் பக்கம் வீடு என்று அவன் உடம்புக்குத் தெரியவில்லை. ஜெபசீலி வாயைத் திறக்கப் போய், அடக்கிக்கொண்டாள்.

"கோயில் கோபுரம் இந்தப் பக்கம் இருக்கு" என்று தனக்குத்தானே சொன்னான். "வெயில் முதுகுல அடிக்குது, அப்போ கடல் எதிர்க்க இருக்கணும். பெனி ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற பெட்டிக்கடை... அது நீலக் கதவு. அதைத் தாண்டி வலது." நீலக் கதவுக் கடை வந்தது. அவன் முகம் மலர்ந்தது. வலப்பக்கம் திருப்பினான். தெரு பாதியில் ஒரு குட்டிச்சுவரில் முட்டி நின்றது. அவன் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி திகைத்து உட்கார்ந்திருந்தான்.

பின்சீட்டிலிருந்து பெனிட்டா முன்னால் நகர்ந்து வந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள்.

"இதுக்கு அடுத்த தெருவுப்பா" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது. "கிட்டத்தட்ட சரியாத்தான் வந்தீங்க. பின்னால எடுங்க, நான் பாத்துச் சொல்லுதேன்."